பட்டினிப் பாத்தி

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். மண் மாதிரியைப் பையில் கட்டி அனுப்புகிறீர்கள், பரிந்துரை அச்சடித்து வருகிறது, அதை விவசாயி கையில் கொடுத்துவிட்டு அவர் அப்படியே செய்வார் என்று நம்பி வீட்டுக்குப் போகிறீர்கள். எனக்குப் பொறாமை உங்கள் இயந்திரத்தின் மேல் இல்லை, அந்த நம்பிக்கையின் மேல். எனக்கும் அது இருந்தது. அது எங்கே, எப்படிப் போனது என்று எழுதச் சொல்லிக் கேட்டீர்கள். எழுதுகிறேன். படித்துவிட்டுப் பயந்து வேலையை விட்டுவிடாதீர்கள். உங்கள் இடத்துக்கு ஆள் தேடுவது சிரமம்.

எண்பதுகளின் நடுப்பகுதி. கரும்பு ஆய்வு நிலையம் ஒன்றில் உரப் பிரிவில் இருந்தேன். என் கணவருக்கு ஆவடித் தொழிற்சாலையில் வேலை என்பதால் சேக்காட்டில் குடியிருந்தோம். காலையில் ஆவடியில் பஸ் ஏறி, பூந்தமல்லியில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்தால் என் சோதனைத் திடல் இருந்த ஏரியோரம் வரும். தோளில் பை, கையில் குடை. கண்டக்டர் என்னை டீச்சர் என்றே முடிவு கட்டியிருந்தார். நான் திருத்தவில்லை. டீச்சர் என்றால் உட்கார இடம் கிடைத்தது.

அந்த ஏரியோரத்து மண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோரையும் தாமரைத் தண்டும் காலங்காலமாக மக்கிச் சேர்ந்த கறுப்பு மண். அள்ளினால் பஞ்சு மாதிரி லேசாக இருக்கும், பிழிந்தால் விரலெல்லாம் கறுப்பாகும். அப்படிப்பட்ட மண் மேலும் மக்க மக்க, பயிருக்கு வேண்டிய தழைச்சத்தைத் தானே விட்டுக்கொண்டிருக்கும். அதன் தலையில் யூரியாவையும் கொட்டினால் கரும்பு தழைத்துக்கொண்டே போகும், முற்றாது, சர்க்கரை ஏறாது, காற்றடித்தால் சாயும். இதெல்லாம் புத்தகத்தில் உண்டு. ஆனால் அந்தக் கறுப்பு மண் எவ்வளவு ஆழம் இருந்தால் இது பொருந்தும் என்று எங்கள் புத்தகத்தில் இல்லை. ஏரிப் பக்கம் முழங்கால் ஆழத்துக்குக் கறுப்பு. மேட்டுப் பக்கம் ஏற ஏற ஒரு சாண்தான், அதற்குக் கீழே வேர் இறங்காத கெட்டிச் சுக்கான் கல். ஒரு சாண் மண் ஒரு வருஷத்துப் பயிருக்குத் தானாகச் சோறு போடுமா? இதுதான் எங்கள் கேள்வி.

பதில் தேடப் போனது தனலட்சுமியின் கழனிக்கு. ஏரியோரம் தொடங்கி ரோடு வரைக்கும் நீளமாக ஏறிவரும் நிலம். அவள் கணவர் ஏழுமலை, ஆவடியில் வெல்டர். ஷிஃப்ட் முடித்து வந்து காக்கிச் சட்டையோடு வரப்பில் நிற்பார், யோசனை சொல்வார், போய்த் தூங்குவார். விவசாயம் தனலட்சுமியுடையது. எனக்கு உதவிக்கு நிலையத்திலிருந்து கோவிந்தன். என்னைவிட மூத்தவர், ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர், கரும்பு நடுவதில் கைதேர்ந்தவர். நான் வாரம் ஒருமுறைதான் போவேன். மற்ற நாட்களில் திடல் அவர் பொறுப்பு.

நுணுக்கங்களை விடுங்கள். ஏரியிலிருந்து ரோடு வரை நீளவாக்கில் நான்கு பாத்திகள். ஒன்றுக்கு முழு அளவு யூரியா, ஒன்றுக்குப் பாதி, ஒன்றுக்குக் கால், நான்காவதற்கு ஒன்றுமே கிடையாது. அந்த நான்காவதற்குத் தனலட்சுமி முதல் வாரமே பட்டினிப் பாத்தி என்று பெயர் வைத்துவிட்டாள்.

சித்திரையில் பட்டினிப் பாத்தி வெளுக்கத் தொடங்கியது. ஏரிப் பக்கம் பச்சையாகத்தான் இருந்தது. ரோட்டுப் பக்கம், ஒரு சாண் மண் இருக்கும் இடத்தில், சோகை பிடித்தாற்போல் மஞ்சள். எனக்கு உள்ளூர சந்தோஷம். கேள்விக்குப் பதிலைப் பாத்தியே கண்ணெதிரே எழுதிக்கொண்டிருக்கிறது அல்லவா.

தனலட்சுமிக்கு அப்படியில்லை.

"மேடம், மூணு புள்ளைக்குச் சோறு போட்டு, நாலாவத வாசல்ல நிக்க வச்சா மாரி கீது."

"இது புள்ளை இல்லை தனலட்சுமி, பாத்தி."

"அதான் வாயத் தொறந்து கேக்காம நிக்குது."

ஏழுமலையின் துன்பம் வேறு. அந்த ரோட்டில் தொழிற்சாலைக்குப் போகும் பஸ் ஓடும். ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் கூட்டாளிகள் தினமும் கரும்பைப் பார்ப்பார்கள். "இன்னா மாமே, உன் கரும்புக்கு மஞ்சக் காமாலையா?" என்று பட்டறையில் ஆரம்பித்தால் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை ஓயாதாம். "ஒரு போர்டாச்சும் வைங்க மேடம், இது எங்க தப்பு இல்லேன்னு" என்றார். நான் சிரித்துவிட்டு மறந்துவிட்டேன்.

ஆனியில் இரண்டு நல்ல மழை பெய்தது. அதற்குப் பிறகு போய்ப் பார்த்தால் பட்டினிப் பாத்தி பச்சை பிடித்திருந்தது. ரோட்டுப் பக்கமும் சேர்த்து. ஆடியில் அது பாதி அளவு பாத்தியைவிடக் கரும்பச்சையாக நின்றது. எனக்கு விளக்கம் உடனே கிடைத்துவிட்டது: மழை ஈரத்தில் மண் வேகமாக மக்கி, தழைச்சத்தை விட்டிருக்கிறது. கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது, பாருங்கள். படித்தவர்களுக்கு இது ஒரு வசதி, எது நடந்தாலும் அதற்கு ஒரு காரணம் கைவசம் இருக்கும்.

எங்கள் தலைமை அதிகாரி ஜீப்பில் வந்து பார்த்தார். நல்ல மனிதர், உண்மையான உழைப்பாளி, மேடையில் பேசுவதில் மட்டும் கொஞ்சம் ஆசை. பட்டினிப் பாத்தியின் ஓரத்தில் நின்று இலையைத் தடவிக்கொடுத்தார்.

"ஏம்மா, இந்த ஏரியோரம் பூராவும் யூரியாவே வேண்டாம்னு சொல்லிடலாம் போலிருக்கே."

"அறுவடை வரைக்கும் பாத்துடலாம் சார்."

"அறுவடைக்குள்ள அடுத்த நடவு வந்துடும். இப்போ சொன்னாத்தானே அவங்களுக்குப் பிரயோஜனம்?"

அதுவும் நியாயம்தான். ஐப்பசியில் குமணன்சாவடியில் ஒரு கல்யாண மண்டபம் பிடித்து, சுற்றுவட்டாரக் கரும்பு விவசாயிகளை எல்லாம் கூப்பிட்டு, சாப்பாடு போட்டு அறிவிப்பது என்று முடிவானது. இலை ஏன் இவ்வளவு கரும்பச்சை என்ற உறுத்தல் எனக்கு இருந்தது. அதற்கும் ஒரு காரணம் கைவசம் இருந்ததால் சும்மா இருந்துவிட்டேன்.

கூட்டத்துக்கு முந்தின நாள் நல்ல மழை, அதோடு காற்று. கூட்டம் மதியம். காலையிலேயே நான் திடலைப் பார்க்கப் போனேன், விவசாயிகள் பிறகு வந்து பார்த்தாலும் பார்ப்பார்கள் என்று. ரோட்டில் இறங்கியதுமே தெரிந்தது. முழு அளவு பாத்தி லேசாகச் சாய்ந்திருந்தாலும் நின்றது. பாதியும் காலும் நிமிர்ந்து நின்றன. பட்டினிப் பாத்தி ரோட்டிலிருந்து ஏரி வரைக்கும் பாய் விரித்தாற்போல் படுத்துக் கிடந்தது.

வரப்பில் தனலட்சுமி, இரவு ஷிஃப்ட் முடித்து வந்த ஏழுமலை, கோவிந்தன் மூவரும் நின்றிருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

நான் செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கி ஒரு கரும்பை வெட்டிப் பார்த்தேன். நீளம், மெதுமெது, தண்ணீர். உரம் மிஞ்சிய கரும்பு எப்படி இருக்குமோ அப்படி. உரமே காணாத பாத்தியில்.

"இதுக்கு யார் யூரியா போட்டது?"

கோவிந்தன் வானத்தைப் பார்த்தார். ஏழுமலை செருப்பில் ஒட்டிய சேற்றை வரப்பில் தேய்த்தார்.

கோபப்பட்டால் காரியம் ஆகாது என்று தெரிந்தது. மெதுவாகச் சொன்னேன். "இன்னிக்கு மதியம் மண்டபத்துல எங்க சார் மைக்ல சொல்லப் போறார், இந்தப் பக்கம் யாரும் யூரியா போட வேண்டாம்னு. இந்தப் பாத்தியைக் காட்டித்தான் சொல்லப் போறார். அதைக் கேட்டுட்டு எல்லாரும் அடுத்த நடவுக்கு யூரியாவை நிறுத்திடுவாங்க."

தனலட்சுமி நிமிர்ந்தாள். "ரோட்டுக்கு அந்தாண்ட என் தங்கச்சி கயனி கீது மேடம். மேட்டு நெலம். அவளும் மீட்டிங்குக்கு வரா. அவ போடாம உட்டா இன்னா ஆவும்?"

"அங்கே கறுப்பு மண் ஒரு சாண் கூட இல்லை. கரும்பு விரல் தடிமன்ல நிக்கும்."

அவள் ஏரியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நான்தான் போட்டேன் மேடம். களை எடுக்க சொல்லோ, தூருக்கு ஒரு கை. காலைல யாரும் வர்றதுக்கு முன்ன. கண்ணெதிர்ல வாடுது, எப்படிப் பாத்துகினு இருக்கறது?"

"நீயும் போட்டியா?" என்றார் ஏழுமலை.

அந்த 'உம்' அவரைக் காட்டிக்கொடுத்தது. தனலட்சுமி மெதுவாக அவர் பக்கம் திரும்பினாள்.

"ஊட்ல வச்சிருந்த மூட்டை பாதி காணோமே, எலி கிழிச்சிருச்சுன்னு சொன்னியே, அதுவா?"

"பஸ்ல போறவன் வர்றவன்லாம் கிண்டல் பண்ணா நான் இன்னா பண்றது? ஷிஃப்ட் முடிச்சு வர சொல்லோ ரோட்டோரமா கொஞ்சம் தூவுனேன். அப்பறம் ரோட்டோரம் மட்டும் பச்சையா இருந்தா மேடம் கண்டுபுடிச்சிடுவாங்களேன்னு ஏரி வரைக்கும் தூவிட்டேன்."

நியாயமான ஆள். எதையும் சமமாகச் செய்பவர். நான் கோவிந்தனைப் பார்த்தேன். அவர் தொண்டையைச் செருமினார்.

"முழு அளவு பாத்திக்குப் போட்டது போக மூட்டைல மிச்சம் இருந்தது மேடம். திரும்பத் தூக்கிக்கினு போனா ஈரத்துல கட்டி புடிச்சிடும். இந்தப் பாத்தி செத்துப்போச்சுன்னா, திடல் வீணாப்போச்சுன்னு உங்களுக்குத்தானே கெட்ட பேரு? அதான்."

ஆக, நாலு பாத்தியில் அதிகமாகத் தின்றது பட்டினிப் பாத்திதான். மூன்று பேர், ஒருவருக்கொருவர் தெரியாமல், ஒருத்தி பாசத்தாலும் ஒருவர் மானத்தாலும் ஒருவர் என் மேல் வைத்த மரியாதையாலும் ஊட்டியிருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. கிளம்ப நேரமாகிக்கொண்டிருந்தது.

கோவிந்தன் நெருங்கி வந்து குரலைத் தாழ்த்தினார். "காத்துல சாஞ்சிடிச்சுன்னு சொல்லிடலாம் மேடம். நாங்க மூணு பேரும் வாயத் தொறக்க மாட்டோம். சார் பேசி முடிக்கட்டும். அறுவடை அப்பறம் மெதுவா மாத்திச் சொல்லிக்கலாம்."

உங்களுக்கும் ஒருநாள் இப்படி ஒரு யோசனை வரும். அன்பாகத்தான் வரும், உங்கள் நன்மைக்காகவே வரும், நேரமில்லாதபோது வரும். அப்போது எனக்கு உதவியது படிப்பு இல்லை. தனலட்சுமியின் தங்கை முன் வரிசையில் உட்கார்ந்து தலையாட்டிக் கேட்பது கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன்.

மண்டபத்தில் மைக் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அதிகாரி புதுச் சட்டையில், கழுத்தில் மாலையோடு நின்றிருந்தார். சமையல்கட்டுப் பக்கம் கூட்டிப்போய், சாம்பார் அண்டாவுக்கும் அப்பளக் கூடைக்கும் நடுவில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். என் காலில் சேறு காயவில்லை.

அவர் மாலையைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டார். "ஏம்மா, இதைக் கூட்டம் முடிஞ்சு சொல்லியிருக்கக் கூடாதா?"

"முடிஞ்ச பிறகு சொன்னா, அடுத்த வருஷம் நாம அவங்க வெளுத்த வயலைத்தான் சார் பாக்க வேண்டியிருக்கும்."

"மேலிடத்துக்கெல்லாம் சொல்லிட்டேன்."

"தெரியும் சார்."

மாலையை அப்பளக் கூடையின் மேல் வைத்தார். பிறகு மேடை ஏறி, வணக்கம் சொல்லி, "இந்தச் சோதனையின் விவரத்தை அதைச் செய்த மேடமே சொல்லுவார்" என்று முடித்து உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கிடைத்தது மரியாதையா தண்டனையா என்று இன்றுவரை தெரியவில்லை. இரண்டாகவும் வைத்துக்கொண்டேன்.

சேற்றுக் காலோடு மைக் முன் நின்றேன். நடந்ததைச் சொன்னேன், பெயர்களை மட்டும் விட்டுவிட்டு. மூன்றாவது ஆளும் போட்டார் என்றபோது மண்டபமே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் நடுவரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார்.

"கடைசியா இன்னாதான் மேடம் சொல்றீங்க? யூரியா போடணுமா, வாணாமா?"

"தெரியலைங்க."

கேட்டவர் பக்கத்து ஆளைத் திரும்பிப் பார்த்தார். அரசாங்கத்து ஆள் மைக்கில் இந்த வார்த்தையைச் சொல்லி அவர்கள் கேட்டதில்லை போலும்.

"இப்போ தெரியலை. தெரிஞ்ச மாதிரி சொல்லத்தான் வந்தோம். கரும்பு சாஞ்சு எங்களைக் காப்பாத்திடுச்சு. நீங்க இந்த வருஷம் எதையும் மாத்த வேண்டாம். உங்க கழனியில மண்வெட்டியால வெட்டி, கறுப்பு மண் எவ்வளவு ஆழம் போகுதுன்னு மட்டும் பாத்து வைங்க. மறுபடியும் ஒரு வருஷம் செஞ்சு பாத்துட்டு வரோம்."

"இதச் சொல்றதுக்கா சோறு போட்டுக் கூப்பிட்டீங்க?" என்றார் அவர். மறுபடி சிரிப்பு. இன்னொரு குரல், "யார்மா அது, திருட்டுத்தனமா போட்டது?"

நான் வாயைத் திறப்பதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து தனலட்சுமி எழுந்தாள். அடுத்த பஸ்ஸில் வந்திருக்கிறாள். பக்கத்தில் தங்கை.

"நான்தான் போட்டேன். உன் கயனியா இருந்தா நீ இன்னா, கைய கட்டிகினு நிப்பியா? அடுத்த வருசமும் என் கயனியிலயே செய்யட்டும். நான் போட மாட்டேன்." உட்காரப் போனவள் மறுபடி எழுந்து, "எங்க ஊட்டுக்காரரும் போட மாட்டாரு" என்றாள்.

அன்று அதிகாரியின் ஜீப்பில் எனக்கு இடமில்லை. பஸ்ஸில் வந்தேன். அந்த முறை எனக்கு வர வேண்டிய பதவி உயர்வும் வேறு ஒருவருக்குப் போனது. ஆனால் இரண்டாம் வருஷச் சோதனைக்கு அனுமதி கேட்டுப் போனபோது, அதிகாரி தலை நிமிராமல் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார். "இந்தத் தடவை சாப்பாட்டை முடிவு தெரிஞ்ச பிறகு போடலாம்" என்று மட்டும் சொன்னார்.

இனிமேல்தான் நான் உங்களுக்குச் சொல்ல நினைத்தது. இரண்டாம் வருஷம் என் முதல் யோசனை வேலி போடுவது, காவல் வைப்பது. பிறகு தோன்றியது, இவர்கள் திருடர்கள் இல்லையே. பாசத்துக்கு வேலி போட்டால் அது வேலியைத் தாண்டும். அதனால் ஐந்தாவதாக ஒரு பாத்தி சேர்த்தேன், ரோட்டை ஒட்டிக் குறுக்காக. அது கணக்கில் வராது. அதற்கு எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம், எப்போது வேண்டுமானாலும் கொஞ்சலாம். தனலட்சுமி அதைச் செல்லப் பாத்தி என்றாள். பஸ்ஸில் போகிறவர்கள் கண்ணுக்கு அதுதான் பட்டது, உள்ளே பட்டினிப் பாத்தி வெளுத்தது படவில்லை. ஏழுமலையைப் பட்டறையில் ஒருவரும் கிண்டல் செய்யவில்லை. கோவிந்தனிடம் மிச்ச யூரியாவைக் கட்டி பிடித்தாலும் பரவாயில்லை, திருப்பிக் கொண்டுவரச் சொன்னேன். அவருக்கு அதில் வருத்தம்தான். ஆனாலும் கொண்டுவந்தார்.

அந்தச் சித்திரையில் பட்டினிப் பாத்தியின் மேட்டுப் பகுதி மறுபடி மஞ்சளானது. தனலட்சுமி அந்தப் பக்கம் போவதையே நிறுத்தினாள். களையெடுக்கக்கூட வேறு ஆளை அனுப்பிவிட்டு, சுற்றிக்கொண்டு ஏரிப் பக்கம் போவாள். ஆனியில் மழை பெய்தது. இந்தத் தடவை மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. என் அழகான விளக்கம் அதோடு போனது.

தையில் வெட்டு. முடிவு எல்லாருக்கும் வெறும் கண்ணுக்கே தெரிந்தது. முழங்கால் ஆழம் கறுப்பு மண் இருந்த ஏரிப் பகுதியில் பட்டினிப் பாத்தி மற்ற பாத்திகளுக்குச் சமமாக நின்றது. அங்கே யூரியா வீண். ஒரு சாண் ஆழ மேட்டுப் பகுதியில் பட்டினிக் கரும்பு மெலிந்து கிடந்தது, பாதி அளவு போட்டதும் முழு அளவு போட்டதும் ஒன்றுபோல் இருந்தன. அங்கே பாதி போதும். ஒரே நிலத்துக்கு இரண்டு பதில். மண்டபத்தில் சொல்லப் போன ஒரே பதில் மேட்டு நிலத்துக்காரர்களைக் கெடுத்திருக்கும்.

ஆனால் கண்ணால் பார்த்தது போதாது, எடை போட வேண்டும். வெட்டு நாளன்று நான் போய்ச் சேர்ந்தபோது, பட்டினிப் பாத்தியின் தலைமாட்டில் தனலட்சுமி நின்றிருந்தாள். பொழுது விடிந்ததிலிருந்து அங்கேதானாம். வெட்டுகிறவர்கள் வழக்கம்போல் ஆளுக்கொரு கரும்பை ஒடித்துக் கடிக்கப் போக, அவர்களைச் செல்லப் பாத்திக்குத் துரத்தியிருக்கிறாள். ஏழுமலை மட்டும் அவள் திரும்பிய நேரத்தில் ஒன்றை ஒடித்துவிட்டார். அவர் தின்றது போக மீதித் துண்டையும், துப்பிய சக்கையையும் ஒரு துணியில் கட்டி வைத்திருந்தாள்.

"இதையும் சேத்துக்கோங்க மேடம். சாறு மட்டும் கொறையும்."

ஏழுமலை தலையைச் சொறிந்தார். "அது இனிப்பா கீது மேடம். மத்தத விட."

அது உண்மையாகத்தான் இருக்க வேண்டும். தழைச்சத்து குறைந்த கரும்பில் சர்க்கரை நன்றாக ஏறும். ஒரு வருஷம் முழுக்க இந்தக் கரும்பைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தவள், ஒருமுறைகூட ருசி பார்த்ததில்லை. எடைக்கு வைத்திருந்த கரும்புக் கட்டிலிருந்து மெலிசாக ஒன்றை உருவி, நுனியை ஒடிக்கப் போனேன்.

தனலட்சுமி அதை என் கையிலிருந்து வாங்கினாள். மறுபடி கட்டுக்குள் செருகினாள். கட்டைத் தராசில் தூக்கி வைத்தாள்.

"அந்தாண்ட செல்லப் பாத்தில எவ்ளோ வேணா தின்னுங்க மேடம்" என்றாள். "இது கணக்குல கீது."